பூநாரையை எழுப்பிக் காட்டாதீர்கள்: தனுஷ்கோடிக்கு ஆள் அழைத்துவருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு வேனும் ஜீப்பும் ஆட்டோவும் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும், கேமராக் கூட்டங்களை அழைத்துவரும் வழிகாட்டிகளுக்கும்,

மார்கழி முதல் பங்குனி வரை, சாலையோரக் கழிகளில், அதாவது ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்புகளில், பூநாரை (ஃபிளமிங்கோ) நிற்கிற நாளெல்லாம் ஒரே காட்சிதான். வண்டி நிற்கும். கதவுகள் படபடவென்று சாத்தப்படும். முதலில் ஆரன் அடித்துப் பார்ப்பார்கள். கூட்டம் அசையாவிட்டால் கை தட்டல். அதற்கும் அசையாவிட்டால் ஒருவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவார். மொத்தக் கூட்டமும் எழும்பும், கேமராக்கள் சடசடக்கும், ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். சற்று நேரத்தில் அடுத்த வண்டி. "பறக்கிற படம் கேரன்டி சார்" என்று சொல்லியே சவாரி பேசும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது. இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம்.

எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. பார்ட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும் "அதெல்லாம் முடியாது, உட்காருங்க" என்று சொல்லும் ஓட்டுநர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய சவாரியைத்தான் கேரன்டி கொடுப்பவர்கள் தட்டிப் பறிக்கிறார்கள். அவர்கள் பக்கம் நின்று பேசும் மடல் இது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

2025 ஜூன் 5 அன்று தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2023-24 நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இந்தப் பகுதியில் 128 வகையைச் சேர்ந்த 10,700க்கும் மேற்பட்ட பறவைகள் பதிவாயின. அறிவிப்பு வந்ததும் உங்களில் பலருக்கு மகிழ்ச்சி. கூட்டம் கூடும், தொழில் பெருகும். பெருகட்டும். ஆனால் சரணாலயத்துக்கு மதிலும் கதவும் கிடையாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்ட பிறகு, எங்கே வண்டி நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் இறங்குகிறார் என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஸ்டியரிங் பிடித்திருக்கும் கைதான்.

பறக்கும் படத்துக்கு ஏன் இத்தனை அடம் என்பது எங்களுக்கும் புரியாமல் இல்லை. நிற்கும்போது பூநாரை தூரத்துக்கு வெள்ளையாகத்தான் தெரியும். கால் மட்டும் ரோஜா நிறம். சிறகை விரித்தால்தான் உள்ளே ஒளித்துவைத்திருக்கும் செக்கச்சிவப்பும் விளிம்புக் கறுப்பும் வெளிப்படும். பார்ட்டி போனில் பார்த்துவிட்டு வந்திருப்பது அந்தச் சிவப்பைத்தான். "என்ன, வெறும் கொக்கு மாதிரி நிக்குது" என்று அவர் முகம் சுளிக்கும்போது, காசு வாங்கியவருக்கு ஆரனில் கை போகிறது. சிக்கல் தொடங்கும் இடம் அது. அந்த நேரத்தில் அந்தப் பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் ஆரன் தேவைப்படாது.

அது சும்மா நிற்கவில்லை. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. அலகின் மேல்பாதி கீழேயும் கீழ்பாதி மேலேயும் இருக்கும் நிலை. நாக்கு பம்புத் தண்டு போல விநாடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் போய்வருகிறது. சேறும் தண்ணீரும் உள்ளே வந்து வெளியேறும்போது அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்புப் பற்கள் போன்ற தகடுகளில் சிற்றிறால், புழு, சிறு சிப்பி, பாசி எல்லாம் தங்கிவிடுகின்றன. சல்லடையில் மாவு சலிப்பதைத் திருப்பிப் போட்டால் இதுதான். காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கி, அந்த மிதியைச் சுற்றியே வட்டமடித்து மேயும். தண்ணீர் வற்றிய நாளில் கழியின் சேற்றில் வட்ட வட்டமாகத் தெரியும் குழிகள் அப்படி உண்டானவைதான். உங்கள் பார்ட்டிக்கு அதையும் காட்டலாம். அந்த இளஞ்சிவப்பே இப்படிச் சலித்துத் தின்ற இரையிலிருந்து வந்த நிறம்தான். கூட்டத்தில் சாம்பலும் பழுப்புமாய் நிற்பவை வேறு பறவை அல்ல, அதே இனத்தின் இளவட்டங்கள். நிறம் ஏற அவற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும்.

இப்படிச் சலித்துத் தின்பதில் வயிறு மெல்லத்தான் நிறையும். நின்று நிதானமாக, மணிக்கணக்கில் தின்றாக வேண்டும். பெரும் பூநாரை இரண்டிலிருந்து நான்கு கிலோ எடையுள்ள பறவை. காக்கை போல நின்ற இடத்திலிருந்து எழும்ப அதனால் ஆகாது. காற்றை எதிர்த்துத் தண்ணீரின்மேல் பல அடி ஓடி, சிறகை வேகமாக அடித்துத்தான் மேலேறும். அதன் நாளில் அதிகச் செலவு பிடிக்கும் வேலை அதுதான். எழுந்த கூட்டம் உடனே பழைய இடத்துக்குத் திரும்புவதும் இல்லை. ஒரு சுற்று சுற்றி, தள்ளி இறங்கி, கழுத்தை நீட்டி நின்று பார்த்து, பயம் தெளிந்த பிறகுதான் தலையைத் தண்ணீரில் விடும். ஒருமுறை எழுப்பினால் மேய்ச்சலில் அரை மணி போகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு விடுமுறை நாளில் பத்து வண்டி தலைக்கு ஒருமுறை எழுப்பினால் ஐந்து மணி நேரம். பகலில் பாதிக்கு அருகே. இந்தியாவில் இவை பெருங்கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. ஓர் இணைக்கு ஒரே ஒரு முட்டை. முட்டையிட வேண்டிய காலத்துக்குள் உடம்பில் கொழுப்பு ஏற்றுவதற்கான கழனி இந்தக் கழி. அந்தக் கழனியில் சோறு உண்பவரைத்தான் ஒவ்வொரு வண்டியும் கையைப் பிடித்து எழுப்புகிறது.

இன்னொன்று. எழுந்த கூட்டம் எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுப்பப்பட்டபின் அது சாலையிலிருந்து கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் இறங்குகிறது. காலை எட்டு மணி வண்டி படம் எடுத்தது; பத்து மணி வண்டிக்கு வெறும் தண்ணீர். பத்து மணி வண்டியும் உங்களில் ஒருவருடையதுதானே?

எழுப்பாமல் காட்டுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் வெளிச்சம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சாலைக்கு வடக்கே உள்ள கழியைச் சாலையில் நின்றபடியே பார்த்தால் பகல் முழுக்க வெயில் பார்ப்பவரின் முதுகுப் பக்கம்தான் விழும். அதாவது படம் எடுக்கச் சிறந்த இடம் நீங்கள் வண்டி நிறுத்தும் தார்ச்சாலையே. தண்ணீரில் இறங்கிச் சுற்றிக்கொண்டு அந்தப்புறம் போனால் சூரியன் லென்ஸுக்கு எதிரே வந்துவிடும். பறவை கறுப்பு நிழலாகத்தான் விழும். கிட்டே போய்க் கெடுத்துக்கொண்ட படங்கள் எத்தனையோ.

அடுத்தது நேரம். சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதிக்கும். ஆறரையிலிருந்து எட்டரை வரை காற்று தெளிவு. ஒன்பதரைக்கு மேல் மணலும் தாரும் சூடேறிக் கானல் ஆடத் தொடங்கும். அதன் ஊடே எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் வைத்து எடுத்தாலும் படம் நெளியும். வந்தவர் "தூரம் அதிகம், அதனால்தான் ஷார்ப் இல்லை, கிட்டே போவோம்" என்பார். தூரம் காரணமல்ல, கானல்தான் காரணம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியது வழிகாட்டியின் வேலை. பத்து மணிக்குக் கோவிலிலிருந்து கூட்டிவந்து பதினொன்றரைக்குப் பூநாரை காட்டும் திட்டமே தப்பு. வரிசையை மாற்றுங்கள்: விடியலில் பறவை, பிறகு அரிச்சல்முனை, வெயில் ஏறியபின் இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும். கல்லுக்குக் கானல் அவ்வளவாகத் தொந்தரவு இல்லை.

மூன்றாவது வண்டி. நடந்துவரும் மனிதரைக் கண்டு அஞ்சும் அளவுக்குப் பறவைகள் வண்டியைக் கண்டு அஞ்சுவதில்லை. மனித உருவத்தை அடையாளம் காட்டுவது இரண்டு காலும் தலையும் சேர்ந்த அந்த நெடிய வடிவம். ஆகவே வண்டிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மறைவிடம். இருநூறு மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராக உருட்டிவந்து, ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். ஐந்து நிமிடம் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. கண்ணாடியை இறக்கி, ஜன்னல் விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்தால் கை நடுங்காது. எஞ்சின் ஓடினால் அதிர்வு வரும் என்பதால் அணைப்பது படத்துக்கும் நல்லது. இறங்கியே தீரவேண்டும் என்றால் பறவை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கதவு வழியாக இறங்கி, வண்டிக்குப் பின்னால் குனிந்து நிற்கட்டும். கதவைச் சாத்த வேண்டாம், ஒருக்களித்து விட்டால் போதும். ஜீப்பின் மேல் ஏறி நிற்பதுதான் எல்லாவற்றிலும் கேடு. வானத்தின் பின்னணியில் நிற்கும் மனித உருவம் கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரியும்.

கூட்டம் உங்களைச் சகிக்கிறதா, கிளம்பப் பார்க்கிறதா என்று படிக்கத் தெரியவேண்டும். தலைகள் தண்ணீரில் இருந்தால், அல்லது ஒற்றைக் காலில் நின்று கழுத்தை முதுகில் சுருட்டியிருந்தால், எல்லாம் சரி. ஓரத்தில் நிற்கும் இரண்டு மூன்று பறவைகள் கழுத்தைக் கம்புபோல் நிமிர்த்தினால் முதல் எச்சரிக்கை. அப்போது அசையாமல் இருந்தால் மறுபடி குனிந்துவிடும். பாதிக்கு மேற்பட்டவை நிமிர்ந்து, எல்லா அலகும் ஒரே திசையைப் பார்த்தபடி, நெருக்கியடித்து நடக்கத் தொடங்கினால் அடுத்தது ஓட்டம், அதற்கடுத்தது பறத்தல். நடை தொடங்கிய நொடியில் பின்வாங்குங்கள். வாத்துக்கூச்சல் போன்ற அவற்றின் சத்தம் உரக்கக் கேட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. சிற்றுள்ளான், உப்புக்கொத்தி போன்ற சின்னக் கரைப்பறவைகள் பூநாரைக்கு முன்பே பதறும். அவை விருட்டென்று கிளம்பினால் பெரிய கூட்டத்துக்கும் அதுவே அறிவிப்பு.

அந்தச் சிவப்பைக் காட்டவும் வழி உண்டு. குளிர்காலத்துக் கூட்டங்களில் பூநாரைகள் இணைதேடும் ஆட்டம் ஆடும். தலையைத் தூக்கி இடமும் வலமும் வெட்டிவெட்டி ஆட்டும். பிறகு நின்ற இடத்திலேயே சிறகை முழுதாக விரித்துச் சில விநாடி பிடித்து நிறுத்தும். செந்நிறமும் கறுப்பும் அப்போது தெரிவதுபோல் பறக்கும்போதுகூடத் தெரியாது. பயத்தில் நிமிர்வதற்கும் இதற்கும் வேறுபாடு எளிது: ஆட்டத்தில் தலைகள் திசைக்கொன்றாக வெட்டும், பயத்தில் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். இந்த ஆட்டம் கலையாத கூட்டத்தில்தான் நடக்கும். காலையில் இரண்டு முறை விரட்டப்பட்ட கூட்டம் சாப்பாட்டைத்தான் தேடும். தவிர, விடியலிலும் அந்தியிலும் அவை தாமாகவே இடம் மாறும். வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் பாக்கு விரிகுடா நீர் கரைப்பக்கம் ஒதுங்கி ஆழம் கூடும்; காற்று விழுந்தால் நீர் இறங்கும். மேய ஏற்ற ஆழம் நகர நகரக் கூட்டமும் எழுந்து நகரும். ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்க ஒப்புக்கொள்ளும் பார்ட்டிக்குப் பறக்கும் படம் பெரும்பாலும் அமைந்துவிடும். கேமராவின் ஷட்டர் வேகத்தை முன்கூட்டியே 1/1600 விநாடியில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பெரிய லென்ஸ் இல்லாத குடும்பத்துக்கு என்ன காட்டுவது? நான்கைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து முக்காலியோடு ஒரு தொலைநோக்கி வாங்குங்கள். 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கும் வகை போதும். 30க்கு மேல் கானலில் பயனில்லை. காற்று எப்போதும் அடிக்கும் இடம் என்பதால் முக்காலிக் கால்களை நீட்டாமல் தாழ்வாக வைத்து, நடுவில் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிட்டால் ஆடாது. பார்ட்டியின் போனையே கண்ணாடிக் குழலில் ஒட்டிவைத்து, பூநாரை அலகைத் திருப்பித் தின்னும் படத்தை எடுத்துக் கொடுக்கலாம். தலைக்கு இவ்வளவு என்று அதற்குத் தனியே காசும் வாங்கலாம். வாங்கினால் நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

இனி அரிச்சல்முனை. அங்கே முனை மணலில் ஆலாக்களும் கடற்காகங்களும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். எல்லாம் காற்றை நோக்கி முகம் திருப்பி உட்காரும். கடலில் மீன் பிடித்துவிட்டு வந்து இளைப்பாறும் நேரம் அது. குழந்தையை அதற்குள் ஓடவிட்டு ஸ்லோமோஷனில் எடுப்பது இப்போது வழக்கம். பூநாரைக்குச் சொன்னது இவற்றுக்கும் பொருந்தும். ஒன்று கூடுதலாக: நேரே கூட்டத்தை நோக்கி நடக்காமல், அதைக் கடந்து வேறெங்கோ போகிறவர்போல் சாய்வாக நடந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கலாம்.

டிரோனைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தலைக்கு மேலே இரைச்சலோடு வட்டமிடுவது பறவைக்குப் பருந்துதான். அனுமதியில்லாமல் அதைப் பறக்கவிடும் பார்ட்டியை ஏற்றாதீர்கள்.

மணலில் வண்டி இறக்குவது வேறு கதை. தார்ச்சாலை வருவதற்கு முன் மணலில் ஓட்டுவதைத் தவிர வழியில்லை. அந்தக் காலத்துத் திறமையை இன்றைக்கும் சாகசமாக விற்கிறார்கள். கோடை மாதங்களில் அந்த மணலில்தான் உப்புக்கொத்தி முட்டையிடும். கூடு என்று எதுவும் கட்டாது. அலைக்கோட்டுக்கு மேலே, ஒரு கைக்குழி அளவு பள்ளம், அதில் இரண்டு மூன்று முட்டை, மணல் நிறத்தில் கரும்புள்ளியோடு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முட்டையிடும் இந்தக் குருவி 2023இல்தான் தனி இனம் என்று நிறுவப்பட்டது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஹனுமான் உப்புக்கொத்தி. உங்கள் வண்டியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் சேதுவைக் காண வருபவர்கள். சேது கட்டிய அனுமனின் பெயரால் உலகம் அறிந்த பறவையின் முட்டையை அவர்களை வைத்துக்கொண்டே டயரில் ஏற்றுவது என்ன நியாயம்?

உங்கள் முன்னால் ஒரு சின்னப் பறவை சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால், அது அடிபட்டதல்ல. முட்டையோ குஞ்சோ சில அடி தூரத்தில் இருக்கிறது, உங்களை வேறு பக்கம் இழுத்துப்போகப் பார்க்கிறது. வந்த வழியே திரும்புவதுதான் ஒரே சரியான செயல். சுற்றி நின்று தேடினால் தாய்ப்பறவை திரும்பாது. உச்சி வெயிலில் அந்த மணலில் நிழலின்றிக் கிடக்கும் முட்டை சீக்கிரமே வெந்துவிடும். அதனால்தான் அது வயிற்றிறகைக் கடல் நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கிறது.

தை முதல் பங்குனி வரை அதே கரையில் பங்குனி ஆமை ஏறும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வெளிவரும் குஞ்சு உள்ளங்கையில் அடங்கும். அதற்கு உங்கள் டயர்த்தடம் ஒரு வாய்க்கால். விழுந்தால் கடல் பக்கம் ஏற முடியாமல் தடத்தோடேயே நடந்து, விடிந்ததும் காக்கைக்கு இரை. இராவணன் மீசைப் புல்லும் அடம்புக்கொடியும் படர்ந்த மேடுகளும் இப்படியே. அந்த வேர்கள்தான் மணலைக் கட்டிவைத்திருக்கின்றன. திரும்பத் திரும்ப டயர் ஏறினால் கொடி செத்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் அங்கிருந்த மணல் உங்கள் சாலைக்கு வந்துவிடும். பிறகு சாலை மூடிவிட்டது என்று நாமே புலம்புவோம்.

குடிநீருக்கும் இதில் பங்கிருக்கிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்ட ஊரில் இன்றும் கரைவலை இழுக்கும் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கின்றன. அவர்கள் மணலில் கையால் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மழைநீர் உப்புநீரைவிட இலேசு. மணலுக்கடியில் கடல்நீரின் மேலே மெல்லிய படலமாக அது மிதக்கிறது. சில அடி தோண்டினால் இனிப்பு; இன்னும் ஆழமாகப் போனால் உப்பு. மேலிருந்து எது இறங்கினாலும் நேராக அந்தப் படலத்தில்தான் கலக்கும். புதர் மறைவில் ஒதுங்கச் சொல்லிப் பார்ட்டியை இறக்கிவிடும் இடம் யாரோ ஒருவரின் குடிநீர்ப் பானை என்பதை மறக்காதீர்கள். கிளம்புமுன் ஊருக்குள்ளேயே கழிப்பறைக்கு ஒரு நிறுத்தம் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதியான சோறும் மீன் முள்ளும் மணலில் கொட்டப்பட்டால் நாயும் காக்கையும் பெருகும். அவை பகலில் மிச்சத்தைத் தின்னும், இரவில் ஆமை முட்டையைத் தோண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்பதன் விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை, காட்டுயிரை விரட்டுவதும், விரட்ட முயல்வதும், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதில் அடங்கும். கல்லெறிந்து எழுப்புகிறவரும், வண்டியை நிறுத்தி அதற்கு இடம் கொடுப்பவரும் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது இவை.

ஆரன், கைதட்டல், கல், தண்ணீரில் இறங்குதல், டிரோன் ஆகிய ஐந்தையும் இந்தப் பருவத்திலிருந்தே நிறுத்துங்கள். "பறக்கும் படம் உறுதி" என்ற வாசகத்தை வண்டியிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் "விடியல் சவாரி, தொலைநோக்கியோடு" என்று எழுதிப் பாருங்கள்.

சாலையில் பறவை தெரியும் இடங்களில் வண்டி நிற்கும் இடத்தை உங்கள் சங்கங்களுக்குள்ளேயே பேசி நான்கைந்தாகக் குறுக்கிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் மூன்று வண்டிக்கு மேல் வேண்டாம். மற்றவை அரிச்சல்முனை போய்விட்டுத் திரும்பும்போது நிற்கட்டும்.

தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்காதீர்கள், எந்த மாதத்திலும்.

முனையில் குளிக்க இறக்காதீர்கள். பெண்கடல் (பாக்கு விரிகுடா) அமைதியாகத் தெரிந்தாலும் ஆண்கடலின் (மன்னார் வளைகுடாவின்) இழுப்பு அதோடு வந்து மோதும் இடம் அது. மணல்திட்டு மாதத்துக்கு மாதம் வடிவம் மாறும். நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று அப்படியே இருக்காது. பவளத் துண்டு, கடலட்டை வாங்கித்தரச் சொல்லும் பார்ட்டிக்கு அவை சட்டத்தால் தடுக்கப்பட்டவை என்று சொல்லிவிடுங்கள்.

விதியை மீறும் வண்டியை அடுத்த வண்டிக்காரரே தட்டிக் கேட்கும் பழக்கம் வரவேண்டும். வெளியாள் சொன்னால் சண்டையாகும். உங்களில் ஒருவர் சொன்னால் கேட்பார்கள்.

இந்தக் கரையை நிர்வகிக்கிறவர்களிடம் நீங்களும் நாங்களும் சேர்ந்து கேட்கவேண்டியவையும் இருக்கின்றன. வண்டி நிறுத்தும் இடங்களைக் கல் நட்டுக் குறித்துத் தரவேண்டும். அந்த இடங்களில் ஆளுயர ஓலைத் தட்டி, கண் மட்டத்தில் துளையோடு, போதும். கான்கிரீட் கோபுரம் வேண்டாம். ஊற்றுகளுக்கு எட்டத் தள்ளி, கழிவு மணலில் இறங்காத தொட்டி வைத்த கழிப்பறைகள் வேண்டும். தமிழோடு இந்தியிலும் தெலுங்கிலும் அறிவிப்புப் பலகை வேண்டும், வருகிறவர்களில் பலர் அந்த மொழிக்காரர்கள். வழிகாட்டிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் பறவை காட்டும் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தரவேண்டும். அட்டை உள்ளவருக்கு விடியலில் முதலில் உள்ளே போகும் உரிமை தந்தால் மற்றவர்களும் தாமாக வந்து சேர்வார்கள். இந்தக் கோரிக்கை மனுவை எழுதித்தர நாங்கள் தயார். கையெழுத்து உங்கள் சங்கங்களுடையதாக இருக்கட்டும்.

கார்த்திகை முடிவதற்குள் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம். முகுந்தராயர் சத்திரத்தில், காலை ஆறு மணிக்கு. தொலைநோக்கியை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒவ்வொரு பருவமும் இந்தக் கழியோரம் நடக்கிறவர்கள்